உலு லங்காட் மலையில் பிடுங்கிய குரோட்டன்ஸ்

கையிலிருக்கும் காசைக் கொடுத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிற கூட்டத்தை நான் மலேசியாவில்தான் முதன்முதலில் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகப் போய்த் தொலைந்தேன். அந்த மூன்று நாள்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நான் போனது அக்காவுக்காக. அவளுக்கு ஏதோ அறுவைச் சிகிச்சை, உதவிக்கு ஆளில்லை என்று கடிதம் வந்ததும் திருச்சியிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீ எதுக்குடி அடுப்படிக்கு வர்ற? போய் உக்காரு" என்று என்னையே விரட்டினாள். உதவிக்கு வந்தவள் நான். விருந்தாளி ஆனவளும் நான்.

சும்மா சொல்லக்கூடாது, பிரிக்ஃபீல்ட்ஸ் எனக்குப் பிடித்துப்போயிற்று. பூக்கட்டுகிற கடை, பாத்திரக்கடை, பழைய பாட்டு அலறும் கேசட் கடை, நடுவில் ஒரு சீனர் வண்டியில் கொதிக்கிற சூப். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா ஆன்டி?" என்று கேட்கிறார்கள். நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதைவிட இது காதுக்கு இதமாக இருந்தது. ரொட்டி சானாய் என்ற பெயரில் தருகிற பரோட்டாவைப் பருப்புக் குழம்பில் தோய்த்து, இழுத்து ஆற்றிய தேநீரோடு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை.

மினி பஸ்ஸைப் பற்றி மட்டும் எனக்குக் குறை உண்டு. இளஞ்சிவப்பில் பெயின்ட் அடித்துக்கொண்டு, எமனுக்குத் தம்பி போல வருகிறது. நிற்பதில்லை, நிற்பதுபோல் பாவனை செய்கிறது. நான் ஒரு காலை வைத்ததும் அது கிளம்பிவிட்டது. நடத்துநர் என் கைப்பையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார், கூடவே நானும் வந்து சேர்ந்தேன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் மலாயில் கத்தியபடியே இருந்தார். உள்ளே போவதற்கு இடம் இருந்தால்தானே ஐயா போவதற்கு!

அக்கா மகள் கவிதா ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஆரம்பித்துவைத்தாள்.

"சித்தி, வீட்லயே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? எங்க கூட வாங்க லா. மலை, காடு, கம்பம்னு சொல்ற கிராமம் எல்லாம் பாக்கலாம். வாலன்டியர் டிரெக், காசு கட்டிப் போறது. நம்மளால காட்டுக்கும் நல்லது."

"நாம போகாம இருந்தாலே அதுக்கு நல்லதுடி" என்றேன். அவள் விடவில்லை.

கோலாலம்பூருக்குக் கிழக்கே உலு லங்காட் பக்கம் மலையடிவாரம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனி வாசலில் இரும்புக் கேட் போட்டு, காவலாளியை நிறுத்தி, தன் சின்னத்தோடு பெரிய பலகை வைத்திருக்கிறது. கேட்டுக்கு முன்னாலேயே எங்கள் வேன் செம்மண் சேற்றில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சக்கரம் சுற்றிய வேகத்தில் என் புடவை முழுக்கச் சேறு. புடவையோடு காட்டுக்கு வந்தது நான் ஒருத்திதான் என்பதால் சிரிப்புக்கு ஆளானவளும் நான் ஒருத்திதான்.

கூட்டத்தில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதிப் பேர் கவிதாவைப் போல ஆபீஸ் பிள்ளைகள். எல்லோருக்கும் பச்சை பனியன் கொடுத்தார்கள். தலைவர் ராஜன். தமிழ்ப் பையன்தான், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வான், சாப்பாடெல்லாம் இங்கிலீஷ்தான். சமையலுக்கு லெட்சுமி என்று ஒரு பெண் வந்திருந்தாள். செந்தூல் அடுக்குமாடியில் இருப்பவள், நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவள்.

அன்று சாயங்காலம் ராஜன் எங்களை வட்டமாக உட்காரவைத்தான். இவர்களுக்கு இது ஒரு சடங்கு. ஆரம்பித்த நாளிலும் முடிக்கிற நாளிலும் ஒரு கேள்வி கேட்பான், ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும், சொன்னதும் எல்லோரும் கைதட்ட வேண்டும். முதல் நாள் கேள்வி: "இந்தக் காட்டுக்கு எதைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்?" ஒருத்தர் திறந்த மனதைக் கொண்டுவந்திருந்தார். கைதட்டல். ஆன்னா என்ற ஹாலந்துக்காரப் பெண் அன்பைக் கொண்டுவந்திருந்தாள். கைதட்டல். என் முறை வந்தது. "முறுக்கு" என்றேன். கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

லெட்சுமி சற்றுத் தள்ளிப் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மலையேற்றம். எங்கள் பக்கத்துக் கொல்லிமலையில் சுள்ளிக்கட்டோடு தினம் ஏறி இறங்குகிற பெண்களை நினைத்துக்கொண்டேன், அவர்களுக்கு யார் பச்சை பனியன் கொடுத்தார்கள்? அட்டைகள் காலில் ஏறி, புடவைக்குள் புகுந்து, வேண்டிய மட்டும் குடித்துவிட்டு விழுந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஒராங் அஸ்லி என்கிற பழங்குடி மக்களின் சின்னக் கம்பம். அங்கே எங்களுக்கு வைத்திருந்த சேவை என்ன தெரியுமா? அவர்களுடைய பொதுக்கூடத்துக்கு நீலப் பெயின்ட் அடிப்பது.

கூடம் ஏற்கெனவே பளிச்சென்று பச்சையாக இருந்தது. எனக்குச் சந்தேகம். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதாவைக் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் மலாயில் சொன்னதைக் கவிதா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "போன தடவ வந்தவங்க பச்சை அடிச்சாங்களாம். அதுக்கு முந்தி வந்தவங்க மஞ்சளாம். கூரைதான் ஒழுகுது, அத யாரும் பாக்கலன்னு சொல்றாங்க சித்தி."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நேரே ராஜனிடம் போனேன். "ஏம்ப்பா, கூரை ஒழுகுதாமே?"

"ஆன்டி, கூரை நம்ம புரோகிராம்ல இல்ல. பெயின்டிங் எல்லாரும் சேர்ந்து செய்யலாம். சேஃப்."

அதாவது அவர்களுக்கு எது தேவை என்பது கணக்கில் இல்லை, நமக்கு எது செய்ய வருகிறது என்பதுதான் கணக்கு. இதற்குப் பெயர் சேவை! மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். அந்த வேகத்தில் ஒரு வேரில் கால் மாட்டி, கணுக்கால் பிசகிக்கொண்டது.

மூன்றாம் நாள் அதனால் எனக்கு வேலை இல்லை. எல்லோரும் மேட்டில் மரக்கன்று நடப் போய்விட்டார்கள். நான் லெட்சுமியோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். எங்கள் முகாம் இருந்த கொட்டகை தோட்டக் காலத்தில் ஆயாக்கொட்டகையாம். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம்.

"நீங்க சாஞ்சிருக்கீங்களே, அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நடுவுலதான் எம் பொண்ணுக்குத் தொட்டிலு கட்டியிருந்துச்சு" என்றாள் லெட்சுமி. "போட்டுட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிருவேன்."

"அட, நீ இந்தத் தோட்டமா?"

"பொறந்தது, கல்யாணம் கட்டுனது எல்லாம் இங்கதான்க்கா. வித்த பொறவு ஆளுக்கொரு திக்கா போயிட்டோம். நாங்க செந்தூல்."

வெள்ளைக்காரர்களுக்குக் காரம் ஆகாது என்று ராஜன் கட்டளை போட்டிருந்தான். அவர்களுக்கு ஒரு வெளிறிய காய்கறிக் குழம்பை வைத்துவிட்டு, எனக்கென்று தனியாக நெத்திலி சம்பலும் ரசமும் செய்தாள் மகராசி. ரசத்தைக் குடித்ததும்தான் எனக்கு மனிதத் தன்மை திரும்பியது. சமையல் முடிந்ததும் அவள் ஓடைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். மாற்றுச் சேலை கட்டிக்கொண்டாள். வெங்காயச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். புது வேட்டி, துண்டு, கற்பூரம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம்க்கா. மாப்ள வீடு கிள்ளான். மொதப் பத்திரிகைய எங்க வீட்டுக்காரருக்குத்தான் வைக்கணும். அவரு மேல இருக்காரு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அவள் கையை மேட்டுப் பக்கம் காட்டினாள். தோட்டத்து இடுகாடு அங்கே. "எத்தன தடவ வந்து கேட்டேன், காவக்காரன் கேட்டத் தெறக்க மாட்டேன்னுட்டான். பெர்மிட் வேணுமாம். இவங்க காட்டுக்குப் போக சமையலுக்கு ஆள் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன். இன்னைக்கு அமாவாசை. சாப்பாட்ட மேல கொண்டு போவணும்ல, அப்பிடியே வச்சுட்டு வந்துருவேன்."

முதல் நாள் வட்டத்தில் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டுத்தானே அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தார்கள்? அங்கிருந்ததிலேயே உண்மையாக ஒன்றைக் கொண்டுவந்தவள் இவள்தான்.

"நானும் வரேன்" என்றேன். காலாவது கையாவது! ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டியபடி பின்னால் நடந்தேன். அவள் தலையில் சோற்றுப் பானை, கையில் குழம்பு வாளி, தோளில் அந்தப் பை.

வழியில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் இடம். பலகை வீடுகளை இடித்துவிட்டார்கள், அடித்தளக் கற்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குரோட்டன்ஸ் செடி இன்னும் தழைத்து நின்றது. ஒரு வீட்டுக்குச் சிவப்பு, ஒன்றுக்குச் சுருண்ட இலை, ஒன்றுக்கு ஈர்க்குபோல் ஒல்லி இலை. ஒரு செடிக்கு முன்னால் லெட்சுமி நின்றாள். பச்சையில் மஞ்சள் புள்ளி தெளித்த அகல இலை.

"இது எங்க வீடு. இதுலேருந்துதான் ஒடிச்சு அவரு தலமாட்டுல நட்டோம்."

அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கமாம். கல் வைத்துச் சிமென்ட் பூச நிர்வாகம் விட்டதில்லை, கம்பெனி நிலமாயிற்றே. அதனால் காரியம் முடிந்த அன்று, செத்தவர் வீட்டு வாசல் குரோட்டன்ஸில் ஒரு கிளையை ஒடித்துத் தலைமாட்டில் ஊன்றிவிடுவார்கள். எந்த வீட்டு இலையோ அந்த வீட்டு ஆள். பெயர் எழுத வேண்டாம், படிக்கவும் தெரிய வேண்டாம். "தூரத்துலேருந்து பாத்தாலே தெரியும்க்கா, அந்தா மண்டோரு மாமா, இந்தா பாப்பாத்தி அத்தேன்னு." மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணியாம்.

"இவங்க எங்கே மரம் நடுறாங்க?" என்று கேட்டேன்.

"காலி மேடுன்னாரு சாரு. அந்தப் பக்கம் பழைய நாத்து மேடா இருக்கும்."

மேட்டில் ஏறியதும் பாட்டுச் சத்தம் கேட்டது. இங்கிலீஷ் பாட்டு. எல்லோரும் குதூகலமாக இருந்தார்கள். நிலம் மொழுக்கென்று இருந்தது. கயிறு பிடித்து நேர்கோட்டில் குழி தோண்டி மரக்கன்றுகளை நட்டிருந்தார்கள். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். சிவப்பு, மஞ்சள், செம்பு நிறம், சுருண்ட இலை, ஒல்லி இலை. வேரோடு பிடுங்கிய குரோட்டன்ஸ். ஆன்னா சேற்றுக் கையோடு எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

லெட்சுமி பானையை இறக்கி வைத்தாள். நேராகக் குவியலுக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து விலக்கினாள். அடியிலிருந்து ஒன்றை உருவினாள். மஞ்சள் புள்ளி.

"இதுதான்க்கா" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு அந்த மொட்டை மேட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எங்கே கொண்டு போவாள்?

எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. "ராஜன்!" என்று கத்தினேன். பாட்டு நின்றது.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆன்டி, கல் இல்ல, பேர் இல்ல, எங்களுக்கு எப்படித் தெரியும்? இது காட்டுச் செடியே இல்ல. யாரோ கொண்டாந்து நட்டது. அதைக் கிளியர் பண்ணினாத்தான் நம்ம மரம் வளரும்."

"யாரோ கொண்டாந்து நட்டதுன்னு உனக்கே தெரிஞ்சிருக்குல்ல? எதுக்கு நட்டாங்கன்னு கேக்கத் தோணலையா? வேலையத்துப் போயா நடுக்காட்டுல கலர் கலரா குரோட்டன்ஸ் வைப்பாங்க? அடுப்படியில ஒரு பொம்பள இருக்காளே, இதே தோட்டத்துல பொறந்தவ, அவளை ஒரு வார்த்தை கேட்டியா? கொண்டாந்து நட்டதையெல்லாம் பிடுங்கணும்னா, உங்க தாத்தா எப்படிய்யா இந்த ஊருக்கு வந்தாரு? இந்தக் காட்டுலயா முளைச்சாரு?"

"சித்தி, போதும்" என்று கவிதா கையைப் பிடித்தாள். உதறினேன்.

"இந்த இடத்தை யார் காட்டினா?"

"ஸ்பான்சர்" என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. அப்போதுதான் அவனுடைய பனியனைக் கவனித்தேன். நெஞ்சில் இருந்த சின்னமும் கேட்டுப் பலகையில் இருந்த சின்னமும் ஒன்றுதான். இடுகாடு இருந்தால் நாளைக்கு யாராவது வந்து கேட்பார்கள், கட்டடம் எழுப்ப முடியாது. இளங்கன்றுகள் இருந்தால் வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். இடுகாட்டை அழிக்கிற வேலையைக் கம்பெனி ஆள்களே செய்திருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும். காசு கொடுத்து வந்த நல்லவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்துகொடுத்துவிட்டார்கள். எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது, ஏனென்றால் அதற்குமேல் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடுங்கக்கா" என்றாள் லெட்சுமி. பிறகு எல்லோரையும் பார்த்து, இந்த மஞ்சள் புள்ளிச் செடியை யார் பிடுங்கியது, எந்த இடத்தில் என்று கேட்டாள். கவிதா இங்கிலீஷில் கேட்டாள். ஆன்னா முன்னால் வந்தாள். ஓர் இடத்தைக் காட்டினாள். இல்லை என்று இன்னோர் இடத்துக்கு நடந்தாள். அங்கேயும் நின்று யோசித்தாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே கொத்திக் கிடந்தது.

லெட்சுமி மேட்டின் நடுவில் போய் நின்றாள். வேட்டி துண்டைத் தரையில் வைத்தாள், அதன்மேல் பத்திரிகை. வாழையிலையைக் கிழித்துச் சோறு வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்:

"மண்டோரு மாமா, பாப்பாத்தி அத்தே, சின்னத்தம்பி அண்ணே, எல்லாருந்தான். எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். கிள்ளான் கோயில்ல. எல்லாரும் வந்துருங்க. அவரு எங்க படுத்திருக்காருன்னு எனக்குத் தெரியல. பக்கத்துல இருக்கறவங்க அவர எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, பசியாறுங்க" என்று எல்லோருக்கும் பரிமாறினாள். ராஜன் தட்டை நீட்டியபோது அவனுக்கும் போட்டாள். நானாக இருந்தால் ஒரு பருக்கை போட்டிருக்க மாட்டேன். லெட்சுமி அந்த மஞ்சள் புள்ளிச் செடியின் வேரை ஈரச் சாக்கில் சுற்றி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகாவது அந்த வட்டத்தை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடுவார்களா? சாயங்காலம் வேன் வருவதற்கு முன்னால், முடிக்கிற நாள் சடங்கு ஆரம்பித்துவிட்டது. ராஜன் ஒப்புக்குத்தான் நடத்தினான், குரலில் உயிரில்லை. கேள்வி முன்பே முடிவுசெய்து வைத்தது போலிருக்கிறது: "இந்தக் காட்டில் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்?"

ஒருத்தர் தன் கவலைகளை விட்டுவிட்டுப் போகிறாராம். கைதட்டல். ஒருத்தி தன் அவசரத்தை விட்டுவிட்டுப் போகிறாளாம். கைதட்டல். என் முறை வந்தது. "நான் பேசல. லெட்சுமியைக் கேளுங்க" என்றேன். ராஜன் தரையைப் பார்த்தான். "கேளுய்யா" என்றேன்.

கேட்டான். இந்தத் தடவை தமிழில் கேட்டான். பானை கழுவிக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர விட்டுட்டுப் போறேன் சார்" என்றாள். "எந்த எடம்னு மட்டும் கேட்டுறாதீங்க."

தமிழ் தெரியாதவர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள்.